பாட்டுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம்!

சினிமாப் பாட்டு ஒருவரைப் படிக்கப் பழக்கும் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள், நம் தூர்தர்ஷனிலேயே நடந்திருக்கிறது!

[திரையில்: பழைய தொலைக்காட்சிப் பெட்டி]

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த பிரிஜ் கோத்தாரி, நண்பர்களோடு ஒரு ஸ்பானியப் படம் பார்க்கிறார். கீழே ஆங்கில வரிகள் ஓடுகின்றன. ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்த அவருக்கு, அந்த வரிகளும் ஸ்பானிய மொழியிலேயே இருந்தால் எவ்வளவு உதவும் என்று தோன்றுகிறது. அப்படியானால் இந்திப் பாட்டுக்கு இந்தி வரிகள்? 1999-ல் தூர்தர்ஷனின் குஜராத்திப் பாட்டு நிகழ்ச்சியில் சோதனை, 2002-ல் நாடு முழுவதும் பார்த்த இந்திச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான சித்ரஹாரில் வரிகள். நம் ஊர் 'ஒளியும் ஒலியும்' மாதிரிதான் அது.

[திரையில்: பாடல் வரி, சொல் சொல்லாக நிறம் மாறுகிறது]

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பாருங்கள். பாடகர் எந்தச் சொல்லைப் பாடுகிறாரோ, அதே நொடியில் அந்தச் சொல்லின் நிறம் மாறுகிறது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்த சொல் என்ன என்பது காதுக்குத் தெரியும். கண் அதைத் தேடிப் பிடித்தால் போதும். பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, அதே எழுத்துகளும் வருகின்றன. அதே பாட்டை நூறு முறை கேட்டாலும் நமக்குச் சலிப்பதில்லையே! எந்தப் பாடப்புத்தகத்தை யார் நூறு முறை திறப்பார்கள்? வேலை முடிந்து களைத்து வருகிறவரை இரவு வகுப்புக்கு அழைப்பது எவ்வளவு கடினம் என்று கற்பித்தவர்களைக் கேளுங்கள். இங்கே அவரை யாரும் அழைக்கவே வேண்டாம். 'உனக்குப் படிக்கத் தெரியாது' என்று நாலு பேர் முன்னால் உட்காரவைக்கிற கூச்சமும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ஓர் எழுத்தும் அறியாதவருக்கு இது மட்டும் போதாது. கொஞ்சம் கற்று, பழக்கம் விட்டுப்போய்த் தடுமாறுகிறவர்களுக்குத்தான் பெரும் பலன். அப்படிப்பட்டவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. யூடியூபில் தமிழ்ப் பாடல் வரி வீடியோக்களைத் தேடுங்கள். எத்தனையோ வீடியோக்களில் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன! தட்டுத்தடுமாறித் தமிழ் படிக்கிற ஒரு பாட்டிக்கு அதனால் என்ன பயன்? பாடல் நிறுவனங்களே, தமிழ் எழுத்தில் போடுங்கள்.

தமிழ் எழுத்தில் வரிகள் ஓடும் வீடியோ எது உங்களுக்குத் தெரியும்? பெயரைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தொகுத்துத் தருகிறேன். வீட்டில் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டலாம்.