வீட்டுக்கு வீடு வாசற்படி

அவைத் தலைவர் ஐயா அவர்களே, சிறு தேயிலை விவசாயிகள் சங்கப் பொறுப்பாளர்களே, மகளிர் குழுத் தலைவிகளே, இந்தப் பனியிலும் கட்டபெட்டிலிருந்தும் கீழ்க்கோத்தகிரியிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். மண்டபம் தந்து, சுடச்சுடத் தேநீரும் வர்க்கியும் தந்த ஊர்ப் பெரியவர்களுக்கும், மேடைக்கு என்னை அழைத்த நூலகர் அம்மாவுக்கும் நன்றி.

பெண்கள் எழுதும் கதைகளில் குடும்பச் சண்டை என்பது தலைப்பு. மூன்று சண்டைகளைப் பேச வந்தேன்: மாமியார் மருமகள், தாய் மகள், உடன்பிறந்தவர்களின் சொத்துச் சண்டை.

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். அந்த வாசற்படிக்கு உள்ளே நடப்பதை எழுதிக் காட்டியவர்கள் நம் பெண்கள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ராஜஸ்தான் கூட்டுக்குடும்பம் ஒன்றின் கதை. சமையலறை யார் கையில் என்பதுதான் அந்தப் பெண்களுக்குள் போட்டி. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004ல் வந்தது. மகளைக் காவல் காப்பதும் கண்டிப்பதும் அங்கே பெற்ற தாய்தான். நம் நீலகிரியை எழுதிய ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ பற்றியும் நேரம் இருந்தால் சொல்கிறேன்.

சொத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கட்டிக்கொடுத்தது மேட்டுப்பாளையத்தில். ஒருநாள் தம்பி போன் பண்ணி, ‘அக்கா, விருந்துக்கு வா’ என்றார். பை நிறையப் பலகாரத்தோடு அக்கா மலையேறி வந்தார். கோழிக் குழம்பு. தம்பி மனைவி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இலையைவிட்டு எழவே விடவில்லை. கை கழுவினால் வாசலில் ஜீப் நிற்கிறது. ‘ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு சின்னக் கையெழுத்துக்கா, அஞ்சே நிமிஷம்.’ போனார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தது. பேனாவை வாங்கிய அக்கா, ‘படிச்சுக் காட்டுங்க’ என்றார். தம்பி முகம் சுருங்கிப்போனது. பத்திரம் எழுதியவர் படித்தார்: என் பாகத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன். அக்கா பேனாவை மூடினார். ‘என் மனசை யாரும் கேட்கலையே தம்பி! இன்னும் குழம்பு வேணுமான்னுதானே கேட்டீங்க!’

அரை ஏக்கர் தேயிலை, தாய்மார்களே. சின்ன வயதில் அந்த அக்கா களை எடுத்த தோட்டம். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989லேயே பங்கு வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005ல் வந்த திருத்தம் மணமான மகள்களுக்கும் அதைத் தந்தது. சட்டம் வந்தும் விருந்து வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்தக் காட்சியை நம் மலைப் பெண்கள் இன்னும் நிறைய எழுத வேண்டும்.

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு பெண் எழுதிய கதையை வாய்விட்டுப் படியுங்கள். விடுதலைப் பத்திரம் என்று, அதாவது பாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, யாராவது நீட்டினால் அதையும் குழுவில் வாய்விட்டுப் படியுங்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி, இதையெல்லாம் வெளியே பேசலாமா என்று உங்களை அடக்குவார்கள். பேசுங்கள், அம்மா. வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் குழுவின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். வக்கீல் அம்மா ஒருவர் அடுத்த மாதம் உங்கள் ஊருக்கே வந்து பத்திரங்களைப் படித்து விளக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். சரி, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. நன்றி, வணக்கம்.