வரிசையை எண்ணும் பெண்கள்

அவையோருக்கு வணக்கம்.

இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீன நிலமான மேற்குக் கரையில் துப்பாக்கி வெடித்தால் செய்தி வரும். ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் இடையிலுள்ள கலந்தியா சோதனைச்சாவடியில் ஒரு பாலஸ்தீனக் கொத்தனார் விடியுமுன் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனால் வராது. அந்த இரண்டு மணி நேரத்தை எழுதி வைக்கத்தான் 2001இன் தொடக்கத்தில் இஸ்ரேலியப் பெண்கள் சிலர் ‘மக்சோம் வாட்ச்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மக்சோம் என்றால் எபிரேயத்தில் சோதனைச்சாவடி. அமைப்பில் இருப்பவர்கள் எல்லோரும் பெண்கள்.

அங்கே வரிசை என்பது காகிதத்தின் விளைவு. பாலஸ்தீனர்கள் இஸ்ரேலுக்குள் போய்வர 1972 முதல் இருந்த பொது அனுமதி 1991இல் போனது. ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு வந்தது. ஆகவே சாவடியை மட்டும் பார்த்தால் போதாது, சீட்டு கொடுக்கும் அலுவலகத்தையும் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ‘கூட்டம் அதிகம்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. கதவு திறந்த நேரம், எத்தனை சோதனைச் சாளரங்களில் ஆள் இருக்கிறார், அரை மணியில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எழுத வேண்டும். வரிசையின் கடைசி ஆளை அடையாளம் வைத்துக்கொண்டு, அவர் மறுபுறம் வரும்வரை கடிகாரத்தைப் பார்த்தால் காத்திருப்பு நேரம் துல்லியமாகக் கிடைக்கும். ஐந்து சாளரங்களில் இரண்டில்தான் ஆள் என்றால், நெரிசலுக்குக் கூட்டத்தைக் குறை சொல்ல முடியாது. சுழல்கதவை உள்ளிருப்பவர் பூட்டிவிடலாம். நடுவில் ஒருவர் சிக்க, பின்னால் நிற்பவர்கள் நெருக்குவார்கள். சிமென்டில் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் படிக்காமல் போனதும் உண்டு. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்குமான தனிக் கதவு திறக்கவில்லையென்றால் இராணுவத்தின் மனிதாபிமான உதவி எண்ணை அழைக்க வேண்டும். அழைத்த நிமிடம், பதில் வந்த நிமிடம் இரண்டையும் குறிக்க வேண்டும்.

சிப்பாயோடு வாக்குவாதம் வேண்டாம். வரிசை நின்றால் அந்தத் தாமதம் நிற்பவர்கள் தலையில்தான் விழும். தொழிலாளியின் பெயரையும் வெளியிடக் கூடாது. அவர் பிழைப்பு அந்தச் சீட்டில் இருக்கிறது.

அனுமதி அலுவலகத்தில் துன்பம் சத்தமில்லாமல் நடக்கிறது. ‘பாதுகாப்புக் காரணம்’ என்ற ஒரு சொல்லோடு விண்ணப்பம் திரும்பும், விளக்கம் இருக்காது. இங்கே முதலில் கேட்க வேண்டியது, தடை போட்டது ஷின் பேத் உளவுத்துறையா, காவல்துறையா என்பதுதான். இரண்டுக்கும் மேல்முறையீட்டு வழி வேறு. இதைக் கேட்காமல் படிவம் நிரப்பினால் மாதங்கள் வீணாகும். மேல்முறையீடும் பலிக்காவிட்டால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். மனு தாக்கலான பிறகு தடை விலக்கப்பட்டவர்கள் பலர். அப்படியானால் அத்தனை நாள் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் போனதற்கு என்ன நியாயம்?

சீட்டு செல்லுபடியாக இருந்தாலும் யூதப் பண்டிகை நாட்களில் முழு மூடல் அறிவித்தால் அது வெறும் காகிதம். 2023 அக்டோபருக்குப் பின் பெரும்பாலான வேலை அனுமதிகள் முடக்கப்பட்டன. வரிசை காலியாக இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

கடைசியாக விவசாயக் கதவுகள். 2002இல் கட்டத் தொடங்கிய பிரிப்புச் சுவர் பல ஊர்களைத் தங்கள் நிலத்திலிருந்து பிரித்துவிட்டது. சில கதவுகள் நாளுக்கு இரண்டு மூன்று முறை சற்று நேரம் திறக்கும், சில ஒலிவ அறுவடைக் காலத்தில் மட்டும். இங்கே திறந்த நிமிடத்தோடு மூடிய நிமிடமும் குறிப்பேட்டில் வேண்டும். தாமதமாகத் திறந்து, குறித்த நேரத்தில் மூடிவிட்டால், பின்னால் நின்றவரின் டிராக்டர் அன்று தோட்டத்துக்குப் போகாது.