பழைய லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

பல வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் ஒரு லேப்டாப் சும்மா கிடக்கிறது. 2011-இல் தொடங்கி தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு எல்காட் வழியாகக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியாக இருக்கலாம், தவணையில் வாங்கியதாகவும் இருக்கலாம். ஏன் ஓரங்கட்டினீர்கள் என்று கேட்டால், "ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டே வந்துடலாம் சார், அவ்வளவு நேரம் எடுக்குது" என்பார்கள். பழைய இரும்புக்குப் போடவும் மனசு வராது, ஏனென்றால் உள்ளே போட்டோக்கள் இருக்கின்றன.

அந்த லேப்டாப்பின் புராசஸர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். தாமதம் ஹார்ட் டிஸ்க்கில்தான். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிற ஒரு தட்டு. அதன் மேல் ஒரு முனை அங்குமிங்கும் நகர்ந்து படிக்கிறது. முனை நகர்வதற்கும், வேண்டிய இடம் சுற்றி வருவதற்கும் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 15 மில்லி செகண்ட் ஆகும். கணக்குப் போட்டால் செகண்டுக்கு அறுபது, எழுபது தடவைதான் படிக்க முடியும். விண்டோஸ் திறக்கும்போது அதற்கு வேண்டியது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். பிறகு எப்படிச் சீக்கிரம் திறக்கும்? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டி, சிப்களில் சேமிக்கும் வகை; அதில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. அதே வேலை ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 8 அல்லது 10 என்றால் அதில் டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் அது 100 சதவீதத்திலேயே நின்றால் எஸ்எஸ்டி மாற்றினால் பலன் உறுதி.

எஸ்எஸ்டி வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசுவோம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் பேக்கப், அதாவது ஃபைல்களுக்கு வேறிடத்தில் ஒரு நகல். இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் நம் ஊரில் பத்துப் பேரில் பாதிப் பேர் சொல்லும் பதில், "டி டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன்" என்பது. நேயர்களே, சி டிரைவும் டி டிரைவும் இரண்டு டிஸ்க் இல்லை. லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். விண்டோஸ் போட்டவர் அதை இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரே வீட்டில் முன்னறை, பின்னறை மாதிரி. வீடு பற்றிக்கொண்டால் பின்னறையில் வைத்த பத்திரம் மட்டும் தப்பிக்குமா? வைரஸ் வந்து விண்டோஸை அழித்துத் திரும்பப் போடும்போது டி டிரைவ் காப்பாற்றும், அது உண்மை. அந்தப் பழக்கத்தால்தான் இந்த நம்பிக்கை வந்தது. ஆனால் டிஸ்க்கே கெட்டால், லேப்டாப் கீழே விழுந்தால், திருடு போனால், சியும் டியும் சேர்ந்தேதான் போகும். டி டிரைவில் இருப்பது பேக்கப் ஆகாது.

அடுத்து, டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் மூன்று வரிகள் போதும்: 05, சி5, சி6. முதலாவது, டிஸ்க் தானே கைவிட்டு மாற்று இடம் கொடுத்த பகுதிகள். இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். மூன்றாவது, படிக்கவே முடியாதவை. மூன்றிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. சி5-இல் எண் இருந்தால், அதுவும் நாளுக்கு நாள் ஏறினால், டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் பலர் முதலில் செய்வது, டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக் டிஸ்க்கையும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டீஃப்ராக்கையும் ஓட்டுவது. கூடவே கூடாது. அவை டிஸ்க் முழுவதையும் உழுதுவிடும், மிச்சமிருக்கும் ஆயுள் அதிலேயே கழியும். திரும்பக் கிடைக்காத ஃபைல்களை முதலில் காப்பி செய்யுங்கள். சினிமா, பாட்டெல்லாம் கடைசியில். டிக், டிக் என்று சீராகத் தட்டுகிற சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு டேட்டா மீட்பவரிடம் போவதுதான் வழி.

எதையெல்லாம் காப்பி செய்வது? உங்கள் பெயரில் உள்ள யூசர் ஃபோல்டர் முழுவதும். அதில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அடங்கும். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் கவனியுங்கள்: உங்கள் கணக்கு பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள் இருக்காது. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எந்த இடத்தில் இருக்கிறது என்று டேலியே காட்டும், அந்த ஃபோல்டரைத் தேடி எடுக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த ஆங்கிலக் கையேட்டிலும் இது இருக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை பரவுவதற்கு முன்பு நாம் பாமினி, வானவில், டாம், டாப் என்று பல வகை எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் வந்தவைதான் டாமும் டாப்பும். கல்யாணப் பத்திரிகை, சங்கத்தின் தீர்மானப் புத்தகம், சொத்து ஒப்பந்தம், அப்பா எழுதிய கவிதை எல்லாம் இன்னமும் அந்த வடிவத்திலேயே இருக்கின்றன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது என்ன தெரியுமா? ஆங்கிலச் சின்ன எழுத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு இருக்கும் வரை அது திரையில் 'அம்மா'. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். டாக்குமென்ட்ஸை மட்டும் காப்பி செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டு, ஃபைல் கெட்டுவிட்டது என்று அழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் பழைய டிஸ்க்கில் தங்கிவிட்டது. எனவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து, தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள். புதிய கணினியில் அவற்றை நிறுவினால் எழுத்து திரும்ப வந்துவிடும். அதன் பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே காப்பி செய்வது? யூஎஸ்பியில் மாட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில். அலமாரியில் வருடக்கணக்கில் சும்மா வைப்பதற்கு எஸ்எஸ்டி ஏற்றதல்ல. மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். 2 டிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அது போலி: எழுதுவதுபோலக் காட்டும், திறந்தால் எதுவும் இருக்காது. இன்னொரு சிக்கல்: கல்யாண வீடியோவைப் போடும்போது, இடம் இருந்தும், ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று மறுக்கும். டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருப்பதுதான் காரணம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. காலி டிஸ்க்காக இருக்கும்போதே எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருக்கிறதா பாருங்கள். பிறகு அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, அங்கங்கே சில போட்டோ, சில கடிதம், ஒரு வீடியோ திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

இதற்கு உலகறிந்த சம்பவம் ஒன்று உண்டு. கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் பெரிய தளம். 2017 ஜனவரி 31 இரவு, ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிக்க நினைத்ததை, முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு செகண்டில் நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப், பிரதி ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை. தினசரி பேக்கப், மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றது என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் நிராகரித்துவிட்டது, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இதை மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், பெரிய மனது. அத்தனை பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே திறந்து பார்க்காததால் வந்த வினை என்றால், வீட்டில் நாம் திறந்து பார்க்காமல் இருக்கலாமா? இரண்டாவது நகல் ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். காப்பி முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

இப்போது எஸ்எஸ்டி. இரண்டரை அங்குல சாட்டா வகை கேளுங்கள். இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்வது அளவில்தான். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் 465 என்று காட்டும். 480 ஜிபி எஸ்எஸ்டியை 447 என்று காட்டும். பாதிதான் நிரம்பியிருக்கிறது, போதுமே என்று தோன்றும். ஆனால் பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுக்க நினைத்தால், குளோன்ஸில்லா போன்ற கருவி சிறிய டிஸ்க்குக்கு எடுக்க மறுத்துவிடும், முதலில் பார்ட்டிஷனை, அதாவது சி, டி என்று பிரித்த பகுதியை, சுருக்க வேண்டியிருக்கும். 500 அல்லது 512 வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. புதிதாக விண்டோஸ் போடுவதானால் 240 கூடப் போதும்.

மாட்டும்போது: ஷிஃப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியானால் கழற்றி, பவர் பட்டனை 20 செகண்ட் அழுத்திப் பிடியுங்கள். மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், ரப்பர் காலுக்கு அடியிலோ டிவிடி டிரைவ் பக்கத்திலோ இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். பழைய டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்து எடுங்கள், மேல்நோக்கித் தூக்கினால் இணைப்பு முறியும். அதன் உலோகச் சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பொருத்துங்கள். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 என்றால், ஆடாமல் இருக்க, சில எஸ்எஸ்டிகளோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், வேலையை நிறுத்திவிட்டுக் கடையில் கொடுங்கள்.

நேரம் நெருங்குவதாகச் சைகை வருகிறது. ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம் பற்றி வேகமாகச் சொல்கிறேன். 4 ஜிபியை 8 ஆக்குவது நல்லது. டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ராம் வகைகளில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. டிடிஆர்3 என்றால் பின்னால் எல் போட்ட 1.35 வோல்ட் வகையா என்று பழைய ராமின் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசஸர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தம். தமிழ்99 விசைப்பலகையை அதிலும் சேர்த்துக்கொள்ளலாம். எப்படி என்று சொல்ல இன்று நேரமில்லை. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாமல், யூஎஸ்பி உறையில் போட்டுச் சில மாதம் அப்படியே வைத்திருங்கள். விட்டுப்போன ஏதோ ஒரு ஃபைலை அதில் தேட வேண்டிவரும்.

நன்றி, வணக்கம்.