குட்டியின் தாயை யார் கேட்டார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். இந்த வானொலி நிலையத்துக்கு வரும் வழியில் கொழும்பு றேஸ்கோர்ஸ் பக்கமாக வந்தேன். இப்போது அங்கே றக்பி ஆடுகிறார்கள். பழைய பார்வையாளர் மாடத்தில் கடைகள் இருக்கின்றன. 1893இல் அமைத்த அந்தத் திடலில் குதிரைகள் ஓடியது 1956 வரைதான். இடையில் யுத்த காலத்தில் விமானங்களும் ஓடின. நான் அங்கே பந்தயம் பார்த்ததில்லை. என் தந்தையார் பார்த்திருக்கிறார், பணமும் விட்டிருக்கிறார். தன்னை ஏமாற்றிய குதிரைகளின் பெயரையும் அவற்றின் தகப்பன் பெயரையும் கடைசிவரை அவர் மறக்கவில்லை. தாயின் பெயரைக் கேட்டால் மட்டும் விழிப்பார்.

நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான். நீண்ட காலம் மிருக வைத்தியம் பார்த்தவன் நான். குதிரை வாங்க வருகிறவர்கள், குட்டி எடுக்க நினைக்கிறவர்கள், எல்லோரும் தகப்பனைத்தான் விசாரிப்பார்கள். தாயை யாரும் கேட்பதில்லை.

பாண்டிய மன்னனுக்கு நரிகளைப் பரிகளாக்கிக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். அன்றிரவே அவை மறுபடியும் நரிகளாகி லாயத்தைக் கலக்கிவிட்டு ஓடின. குதிரை இனம் அவ்வளவு வேகமாக மாறாது; மாறாமலும் இருக்காது. நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் ஓடுகிறதே பந்தயக் குதிரை, தரோபிரெட், அது மனிதர் உண்டாக்கிய இனம். இங்கிலாந்தில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உருவானது. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்று மூன்று பொலிகுதிரைகள், அதாவது குட்டி எடுப்பதற்கென்று வைத்திருந்த ஆண் குதிரைகள், அதன் மூலத் தகப்பன்கள். டார்லி அரேபியன் 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து கப்பல் ஏறியது. இன்று ஓடும் எந்தத் தரோபிரெட்டின் தந்தைவழியைப் பிடித்துக்கொண்டு போனாலும் இந்த மூன்றில் ஒன்றில் போய் நிற்பீர்கள், பெரும்பாலும் டார்லியில்தான்.

தாய்கள்? பழைய வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்தால், பலவற்றுக்குப் பெயரே கிடையாது. 'இன்னாருடைய பெண் குதிரை' என்று உடைமையாளர் பெயரோடு சரி. பின்னாளில் தாய்வழி மரபணுவை ஆராய்ந்தபோது, பிரித்தானிய, அயர்லாந்து நாட்டுக் குதிரைகளின் பங்கு அதில் கணிசமாக இருப்பது தெரியவந்தது. கப்பலில் வந்த மாப்பிள்ளைகளுக்குப் பெயர் கிடைத்தது, உள்ளூர்ப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

பந்தயம் மாறினால் குதிரையும் மாறும். முன்பு நான்கு மைல் ஓட்டம், அதையும் ஒரே நாளில் பல தடவை ஓடவேண்டும். முதிர்ந்த, தாக்குப்பிடிக்கிற குதிரைதான் வெல்லும். பிறகு 1776இல் செயின்ட் லெஜர், 1780இல் டெர்பி என்று மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயங்கள் வந்தன. முதலாவது டெர்பி ஒரே ஒரு மைல்தான். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பாய்கிற குதிரைக்கு மவுசு வந்தது. ஆட்கள் அதைத் தேடிச் சேர்த்தார்கள், இனம் அந்தப் பக்கம் நகர்ந்தது. எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அதுதான் லாயத்தில் பெருகும்.

இனி என் சொந்தக் கதை. நான் இளைஞனாக இருந்தபோது, நுவரெலியாவில் ஒரு முதலாளி தம் பெண் குதிரையைக் காட்டினார். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை, சுழி பார்த்து வாங்கியதாம். சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அழகான குதிரை, அதை மறுக்க மாட்டேன். இரண்டு முறை ஓடி இரண்டு முறையும் முன்னங்கால் நொண்டிப் போயிருந்தது. "ஓட முடியாவிட்டால் பரவாயில்லை டொக்டர், குட்டியாவது போடட்டுமே" என்றார்.

அதை நடத்திக் காட்டச் சொன்னேன். முந்திய இரவு மழை. ஈரமண்ணில் குளம்பின் தடம் அச்செடுத்ததுபோல் விழுந்திருந்தது. வலது முன்னங்காலின் தடம் ஒவ்வொன்றும் உட்பக்கம் திரும்பியிருந்தது. படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை. உங்கள் கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து நாலு எட்டு நடந்து பாருங்கள், புரிந்துவிடும். குதிரைக்காரர் கழற்றி வைத்திருந்த பழைய லாடம் ஒன்றைத் தந்தார். வெளி ஓரம் தகடாகத் தேய்ந்திருந்தது, உள் ஓரம் தடித்தபடியே இருந்தது. முதலாளி அப்பால் போனதும் மெல்லச் சொன்னார்: "ஐயா, இதன் தாய்க்கும் இதே கால்தான். நான்தான் அதையும் பார்த்துக்கொண்டேன்."

அவரை யாரும் கேட்கவில்லை. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று கல்யாணப் பேச்சில் சொல்லத் தெரிந்த நமக்கு, லாயத்தில் மட்டும் அது மறந்துபோகிறது. நானும் யோக்கியன் இல்லை. முதலாளி பெரிய மனிதர், நான் சின்னப் பையன். அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதினொரு மாதம் கழித்து ஒரு குட்டி. அதற்கும் வலது முன்னங்கால் உள்ளே திரும்பித்தான் இருந்தது. ஒரு குட்டியை வைத்துச் சட்டம் பேசக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கால் இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தகப்பன் விஷயத்தில் ஆபத்து வேறு மாதிரி. பெண் குதிரை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். பேர்பெற்ற பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் நூறுக்கு மேற்பட்ட குதிரைகளோடு சேர்க்கப்படும். அதனிடம் ஒரு குறை இருந்தால் அது ஊரெல்லாம் போகும். அமெரிக்காவில் 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற, குவார்ட்டர் இனத்துப் பொலிகுதிரையைப் பாருங்கள். முறுக்கேறிய தசை, கண்காட்சிகளில் பரிசுக்குமேல் பரிசு. அதன் வாரிசுகள் ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகு, சில குதிரைகள் திடீரென்று நடுங்கி விழத் தொடங்கின. தசைக்குள் உப்புச் சத்து போய்வரும் வாசலில் ஒரு மரபணுக் கோளாறு என்று 1992இல் கண்டுபிடித்தார்கள். இன்று பிடரிமயிரை வேரோடு நாலு பிடுங்கி அனுப்பினால் போதும், முடிவு வந்துவிடும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் இரட்டைப் பங்காக அந்தக் கோளாறைச் சுமந்து 2007 முதல் பிறந்த குட்டிகளை அந்த இனத்தின் பதிவேட்டில் பதிவதில்லை. சோதனை வந்தது 1992இல், பதிவை நிறுத்தியது 2007இல். நடுவில் எத்தனை குட்டிகள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுத் தங்கை விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் மிச்சம். யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிப் பேசத்தான் பாதிக் குறிப்பு எழுதி வந்தேன், எல்லாம் போயிற்று. சுருக்கமாகச் சொல்கிறேன். குறிகட்டுவானில் படகேறிப் போனால், ஒல்லாந்தர் காலத்து லாயத்தின் கல்தூண்களைப் பார்க்கலாம், வெளியில் மேய்கிற கட்டைக் குதிரைகளையும் பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாக அவற்றுக்கு ஜோடி சேர்த்தவர் யாருமில்லை. வறட்சியும் உவர்நிலமும்தான் தேர்ந்தெடுத்தன. உயரமான பொலிகுதிரை ஒன்றைக் கொண்டுபோய் விட்டால் இனம் 'முன்னேறும்' என்று ஒருவர் என்னிடம் ஆலோசனை சொன்னார். வேண்டாம். நெட்டைக் குதிரைக்குத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். கோடையில் அங்கே இருக்கிற குதிரைகளே தாகத்தால் செத்திருக்கின்றன. முதலில் தொட்டி கட்டுங்கள், அதில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆளைப் போடுங்கள். அதற்கு என்ன செலவாகும் என்று இங்கே ஒரு தாளில் எழுதியிருக்கிறேன், ஆனால்... சரி, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.