கூடப் போக ஒரு ஆள்

எல்லாருக்கும் வணக்கம். படகுல இருந்து கேக்குறவங்க, நிழல்ல உக்காந்து வலை பின்னிக்கிட்டே கேக்குறவங்க, அடுப்படியில ரேடியோவ போட்டுட்டு மீன் கழுவிக்கிட்டு இருக்குற அக்காமாருங்க, எல்லாருக்கும் வணக்கம். நான் ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல தையல் கடை வச்சிருக்கேன், இங்க உள்ள ஒரு சேவை சங்கத்துல ரொம்ப வருஷமா இருக்கேன். சங்கத்துல என்னதான் செய்றீங்க, எங்கள மாதிரி ஆளுங்க சேரலாமா, அதப் பத்தி வந்து பேசுங்கன்னு நிலையத்துல கூப்பிட்டாங்க, ரொம்ப சந்தோஷம். நான் சொல்ல வந்தத முதல்லயே சொல்லிடுறேன். நம்ம பக்கம் நல்ல காரியத்துக்கு காசு கேட்டா குடுக்க ஆள் இருக்காங்க, வெளிநாட்டுல இருக்குற நம்ம பிள்ளைங்க கூட அனுப்பி வைக்கிறாங்க, ஆனா முடியாத ஒருத்தர கையப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி, கூட இருந்து, திரும்ப வீட்ல கொண்டாந்து விட ஆள் கிடைக்கிறது தான் கஷ்டமா இருக்கு. அந்த வேலைக்குத் தான் உங்களக் கூப்பிட வந்திருக்கேன்.

சேவை சங்கம்னா லயன்ஸ் கிளப், ரோட்டரி கிளப் மாதிரி தான், அந்தப் பேரச் சொன்னாலே நம்ம சனங்க அது வசதியானவங்க சமாச்சாரம்னு ஒதுங்கிடுறாங்க. ரோட்டரி 1905ல சிகாகோவுல ஆரம்பிச்சப்போ மொத்தம் 4 பேர் தான், பால் ஹாரிஸ்ங்கிற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இன்ஜினியர், இன்னொருத்தர் தையல் தொழில் பண்ணவரு. நானும் அதே தொழில்ங்கிறதால இத எங்க போனாலும் சொல்லுவேன். லயன்ஸ் சங்கம் அதே சிகாகோவுல 1917ல மெல்வின் ஜோன்ஸ்ங்கிற இன்சூரன்ஸ்காரர் முன்ன நின்னு ஆரம்பிச்சது. 1925ல அவங்க மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் அம்மா வந்தாங்க, அவங்களுக்கு கண்ணும் தெரியாது காதும் கேக்காது, பார்வை இல்லாதவங்களுக்காக நீங்க பாடுபடணும்னு அங்க உக்காந்திருந்தவங்க கிட்ட நேரடியாவே கேட்டாங்க. இன்னைக்கும் கண் சிகிச்சை முகாம்னாலே லயன்ஸ் பேரு வருதுன்னா அது அங்க இருந்து வர்றது தான்.

போலியோவையும் சொல்லணும். ரோட்டரி 1985ல அதுல எறங்குச்சு, அப்புறம் அரசாங்கங்க, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் எல்லாம் சேந்து செஞ்ச வேலை. நம்ம நாட்டுல கடைசியா இயற்கையாப் பரவுன போலியோ 2011 ஜனவரி 13ல, மேற்கு வங்காளத்துல ஹவுரா பக்கம் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்சுல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் வந்துச்சு. சொட்டு மருந்து முகாம் நடந்த ஞாயித்துக்கிழமைகள்ல ராமேஸ்வரம் கோவில் பக்கம், பஸ் ஸ்டாண்டுல, ரயில்வே ஸ்டேஷன்ல பூத்துல உக்காந்து வெளியூர் பிள்ளைங்களுக்கும் சொட்டு மருந்து ஊத்தி சுண்டு விரல்ல மை வச்சு விட்டது நர்சம்மாங்களும் அங்கன்வாடி டீச்சருங்களும், கூட ஒத்தாசைக்கு நின்ன சாதாரண ஆளுங்களும் தான்.

சரி, நான் ரொம்ப நாளா பாக்குற வேலை கண் முகாம், அதப் பத்தியே பேசுறேன்.

நம்ம கடற்கரையில கண்ணு சீக்கிரம் பாழாகுது. காலையில இருந்து வெயில், தண்ணியில பட்டுத் திரும்பி அடிக்கிற வெளிச்சம், உப்புக் காத்து, கச்சான் காத்து வீசுற காலத்துல மணலு. கண்ணுல ஓரத்துல இருந்து சதை வளந்து கருவிழி மேல ஏறி வரும் பாத்திருப்பீங்க, வெயில்லயும் காத்துலயும் வேலை செய்றவங்களுக்குத் தான் அது கூடுதலா வரும். அப்புறம் புரை. புரை வயசானா எல்லாருக்கும் வரக்கூடியது, ஆபரேஷன் பண்ணா போயிடும், ஆனா நம்ம ஊர்ல இன்னும் "புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பண்ணலாம்"னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. அது அந்தக் காலத்துப் பேச்சு, அப்ப லென்ஸ் வைக்க மாட்டாங்க, புரைய எடுத்துட்டு சோடாபுட்டி கண்ணாடி குடுப்பாங்க, அதனால முழுசா மறைச்சதுக்கு அப்புறம் தான் பண்ணுவாங்க. இப்ப உள்ளயே லென்ஸ் வச்சிடுறாங்க. முத்த விட்டா ஆபரேஷனும் கஷ்டம், சில பேருக்கு கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப் போயிடும், அப்படிப் போன பார்வை எந்த டாக்டராலயும் திரும்பக் குடுக்க முடியாது. தயவு செஞ்சு அத மட்டும் மனசுல வச்சுக்கங்க.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரியும். டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையில இருந்து ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சாரு, மூட்டுவாதத்துல விரலெல்லாம் கோணிப் போயிருந்தும் அந்த விரலாலயே ஆபரேஷன் பண்ணவரு. அவங்க முகாம் எப்படின்னா, இடம், விளம்பரம், சாப்பாடு, ஆளுங்களக் கொண்டு வந்து சேக்குறது எல்லாம் உள்ளூர் சங்கத்துப் பொறுப்பு. டாக்டர், கருவி, ஆபரேஷன், லென்ஸ், போக வர வண்டி, அங்க தங்க சாப்பிட, எல்லாம் ஆஸ்பத்திரி பாத்துக்குது. இவ்வளவு இலவசமாக் கிடைச்சும் எல்லாரும் வந்துடுறாங்களா? 1999ல வந்த ஒரு ஆய்வுல, தென்னிந்திய கிராமங்கள்ல கண்ணுல கோளாறு இருந்தவங்கள்ல 100க்கு 7 பேர் கூட முகாமுக்குப் போகலன்னு தெரிஞ்சது. ஏன்னு கேட்டா பயம், செலவு, வீட்டை விட்டு வர முடியல, இந்த மாதிரி தான் சொல்லியிருக்காங்க. நாங்க வீடு வீடாப் போறப்ப கேக்குறதும் அதே தான். "மதுரைக்கா, யாரு கூட வருவா?" மகன் கடலுக்குப் போயிருப்பான், மருமகளுக்கு கைக்குழந்தை, பொண்ணக் கட்டிக் குடுத்தது தொண்டியில, அப்ப அந்தப் பெரியவர் என்ன பண்ணுவாரு, திண்ணையில உக்காந்து எனக்கு நல்லாத் தான் தெரியுதுன்னு சொல்லிடுவாரு.

அதனால முகாம் தேதி குறிக்கிறதுல இருந்தே யோசிக்கணும். ராமேஸ்வரம் விசைப்படகு எந்த நாள் அனுமதி டோக்கன் போட்டுக் கடலுக்குப் போகும், எந்த நாள் கரையில நிக்கும் பாக்கணும். கடல்பாசி எடுக்கப் போற அக்காமாருங்க கடல் வத்துற நாளப் பாத்து தான் எறங்குவாங்க, அன்னைக்கு முகாம் வச்சா ஒரு நாள் கூலிய விட்டுட்டு எப்படி வருவாங்க, வர மாட்டாங்க, அவங்களக் குத்தம் சொல்ல முடியாது. கீழக்கரை பக்கம்னா வெள்ளிக்கிழமை கூடாது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம்னா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்ற நேரம் நல்ல நேரம், ஃபாதர் பூசையிலயே ஒரு வார்த்தை சொல்லிடுவாரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரங்க எல்லாம் கரையில இருப்பாங்க, கூடப் போக வீட்ல ஒரு ஆம்பளையும் இருப்பாங்க, எங்களுக்கு அதிகமா ஆள் சேர்றது அந்த 61 நாள்ல தான். ஆனா கையில காசு இல்லாத நேரமும் அது தான், அதனால பஸ் காசு கூட அவங்க எடுக்குற மாதிரி வைக்கக் கூடாது.

முகாம் அன்னைக்கு பள்ளிக்கூடத்துல பெஞ்சு எல்லாம் ஓரங்கட்டிப் போட்டு வரிசையா உக்கார வைப்போம். முதல்ல எழுத்துப் பலகை, எழுத்து தெரியாதவங்களுக்கு விரலக் காட்டி எத்தனன்னு கேப்பாங்க, அப்புறம் டார்ச் அடிச்சுப் பாக்குறது, கண்ணு அழுத்தம், பிரஷர், சுகர். கண்ணுப் பாப்பா விரியுறதுக்கு சொட்டு மருந்து போட்டு கண்ண மூடி உக்கார வச்சா, பத்து நிமிஷம் ஆகுறதுக்குள்ள ஒருத்தர் எந்திரிச்சு வெளிய வந்து வெயிலப் பாத்துட்டு கண்ணு கூசுது கண்ணு போச்சுன்னு சத்தம் போடுவாரு, பக்கத்துல போயி தோளத் தொட்டு, இது மருந்து வேலை செய்யுது, சாயங்காலம் சரியாயிடும், உக்காருங்க ஐயான்னு சொல்ல அங்க ஒரு ஆள் நிக்கணும். டாக்டர் அவ்வளவு கூட்டத்துல அத செய்ய முடியாது, நம்ம தான் செய்யணும். ஆபரேஷன்னு முடிவானா எந்தக் கண்ணோ அந்தப் பக்கம் நெத்தியில சின்ன பிளாஸ்திரி ஒட்டுவாங்க. அத ஒட்டுன உடனே சில பேருக்கு கை நடுங்க ஆரம்பிக்கும். எங்க சங்கத்துல காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி இருக்கு, அது அந்த நேரத்துல எதுவும் பேசாது, பிளாஸ்திரி ஒட்டுன பாட்டி பக்கத்துல போயி உக்காந்து வெத்தலைப் பைய வாங்கி மடியில வச்சுக்கும், பஸ் வர்ற வரைக்கும் அந்தப் பைய திருப்பிக் குடுக்காது. அந்தப் பிள்ளை உக்காந்தா பாட்டி ஓடிப் போகாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

மதுரைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல பயணம். பஸ்ல நம்ம ஆளு ஒருத்தராவது கூடப் போகணும், வழியில எறங்கணும்பாங்க, வாந்தி வரும், வீட்டுக்கு போன் போடச் சொல்லுவாங்க. திரும்பி வந்ததுக்கு அப்புறம் இன்னும் பெரிய வேலை இருக்கு, ஃபோட்டோ எடுக்க ஆள் இல்லாத வேலை அது. டாக்டர் சொல்ற வரைக்கும் கண்ணுல தண்ணி படக் கூடாது, கடல்ல எறங்கக் கூடாது, சொட்டு மருந்து வேளை தவறாம போடணும். கடிகாரம் பாக்கத் தெரியாத ஒரு பெரியம்மாவுக்கு அதே தங்கச்சி தான் சொல்லிக் குடுத்துச்சு, பாங்கு சத்தம் கேக்குறப்பல்லாம் ஒரு சொட்டு போட்டுக்கங்கன்னு, சீட்டுல எழுதுன வேளைக்கும் அது சரியா இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு திரும்பக் கண்ணப் பாப்பாங்க, அன்னைக்கு வரலன்னா நாங்க வீட்டுக்கே போயிடுவோம்.

சுகர் அதிகமா இருக்குன்னு முகாம்ல திருப்பி அனுப்புன ஆளுங்க நிறைய பேர், "கொறச்சுட்டு அடுத்த தடவ வாங்க"ன்னு சொன்னா அவங்க அடுத்த தடவ வர மாட்டாங்க, நமக்கு இது வேண்டாம்னு எழுதி வச்சிருக்கு போலன்னு விட்டுடுவாங்க. அவங்க பேர தனி நோட்டுல எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போயி பதிஞ்சு விட்டா போதும், 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருது. என்னக் கேட்டா எந்த முகாமும் நல்லா நடந்துச்சான்னு இந்த நோட்டப் பாத்துத் தான் சொல்லணும், எத்தன பேர் வந்தாங்கன்னு மேடையில சொல்றத வச்சு இல்ல.

இன்னொன்னு, வெள்ளெழுத்து. 40 வயசு தாண்டுனா கிட்டத்துல இருக்குறது மங்கும். வலை கண்ணிய எண்ணிப் போடுறவங்க, பூ கட்டுறவங்க, என்ன மாதிரி ஊசியில நூல் கோக்குறவங்க, எல்லாரும் கண்ணு போச்சு தொழில் போச்சுன்னு பயந்துடுவாங்க, ஒரு சாதாரண கண்ணாடில சரியாப் போற விஷயம். பவர் பாத்து முகாம்லயே வாங்கிக் குடுத்துடலாம். மீன் ஏலத்துல தராசு முள்ளு தெரியாம அடுத்தவங்க சொன்ன எடையக் கேட்டுட்டு வந்துக்கிட்டு இருந்த ஒரு அக்கா, கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் அவங்களே குனிஞ்சு பாத்து எடைய சத்தமாச் சொன்னாங்க, எனக்கு அத விட சந்தோஷமான வேலை எதுவும் இல்ல.

ரத்த தானம் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். 18 வயசுல இருந்து 65 வரைக்கும், எடை 45 கிலோவுக்குக் குறையாம இருந்தா குடுக்கலாம், எடுக்குறது பொதுவா 350 மில்லி. ஆம்பளைங்க 3 மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைங்க 4 மாசத்துக்கு ஒரு தடவ. வெறும் வயித்தோட வரக் கூடாது. சிவப்பணுவ ஒரு மாசத்துக்கு மேல வச்சிருக்கலாம், தட்டணு, அதாவது பிளேட்லெட், 5 நாள் தான் தாங்கும், அதனால ஒரே நாள்ல நூறு பேர் குடுக்கிறத விட வருஷம் முழுக்க கூப்பிட்டா வர்ற ஆள் வேணும். ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு ராத்திரியில பிரசவத்துக்குப் போற பொண்ணுக்கு அந்த ஆள் தான் உதவும்.

சங்கத்துக்காரங்க யாரும் கேட்டுக்கிட்டு இருந்தா கோவிச்சுக்காதீங்க, மனசுல உள்ளத சொல்றேன். ஜூலை மாசம் புதுத் தலைவர் பதவி ஏக்குறப்போ ஃப்ளெக்ஸுக்கும் பொன்னாடைக்கும் ஆகுற செலவுல பாதிய, கூடப் போற ஆளுக்கு பஸ் காசாவும் ஒரு நாள் கூலியாவும் குடுக்கலாம். தொண்டு செய்ய வர்றவங்க எல்லாரும் ஒரு நாள் வேலைய விட்டுட்டு வர முடியுறவங்களா இருக்க மாட்டாங்க. கூலிக்காரங்க, வலைக்காரங்க, கடையில நிக்கிற பிள்ளைங்க எல்லாரும் உள்ள வரணும்னா இந்த மாத்தம் வேணும், நான் கூட்டத்துலயும் இதயே தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

சேரணும்னு நினைக்கிறவங்க உங்க ஊர்ல இருக்குற எந்தச் சங்கமா இருந்தாலும் போங்க. படிப்பு வேணும், இங்கிலீஷ் வேணும்னு யோசிக்காதீங்க. மாசத்துல ஒரு நாள் தர முடியுமா, அது எந்த நாள்னு மட்டும் முடிவு பண்ணிட்டுப் போயி சொல்லுங்க, அந்த நாளுக்கு ஏத்த வேலை இருக்கும்.

கண் முகாமுக்கு வர்றவங்க ஆதார் கார்டு எடுத்துக்கங்க, சுகர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறவங்க அந்த மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் கொண்டு வாங்க, காலைச் சாப்பாட்ட சாப்பிட்டுட்டு வாங்க, மாத்துத் துணி ஒரு செட்டு பையில வச்சுக்கங்க, ஆபரேஷன்னா அப்படியே மதுரைக்குப் போயிடலாம். கூட வர ஆள் இல்லன்னா அதுக்காக வீட்ல இருந்துடாதீங்க, பதியுற எடத்துலயே சொல்லுங்க, எங்கள்ல ஒருத்தர் வருவோம். வணக்கம்.