பழைய ஃபோர்ட்ரான் நிரலுக்கு எந்தக் கம்பைலர்?

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டுமானப் பொறியியல், நீரியல், வானிலை, அணு இயற்பியல் போன்ற துறைகளில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணினி நிரல்கள் பல இன்றும் யாருடைய அலமாரியிலாவது இருக்கின்றன. சில அச்சுத்தாளில் இருக்கும். சிலவற்றை யாரோ பொறுமையாகத் தட்டச்சு செய்து கோப்பாக வைத்திருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டவை. அத்தகைய நிரல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இன்றைய கணினியில் ஓட்ட வேண்டும், இதற்கான கம்பைலர் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் அதிகம். நாம் எழுதும் நிரலைக் கணினியின் செயலிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளைத்தான் கம்பைலர் என்கிறோம். ஃபோர்ட்ரானைப் பொறுத்தவரை அதற்குப் பஞ்சமே இல்லை. பணம் கொடுக்காமலேயே இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம். அந்த நிரல் எந்தக் கணினியின் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது என்பதைக் கண்டறிவதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் கம்பைலரைத் தேடி அலைவதில் பயனில்லை.

ஜான் பேக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். குழுவினர் 704 என்னும் கணினிக்காக 1957-இல் வெளியிட்ட மொழி இது. 1966-இல் அமெரிக்கத் தர நிறுவனம் இதற்கு ஒரு தரத்தை வகுத்தது. அடுத்த தரம் ஃபோர்ட்ரான் 77 என்று பெயர் பெற்றாலும், ஒப்புதல் பெற்றது 1978-இல். அதன் பிறகு வந்த ஃபோர்ட்ரான் 90 மொழியின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. தரங்கள் இருந்தனவே தவிர, ஒவ்வொரு கணினி நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்கென்று சில வசதிகளைக் கூடுதலாகச் சேர்த்தது. எழுதியவர்களும் எது தரம், எது நிறுவனத்தின் சேர்க்கை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு கணினி.

இன்று கிடைப்பவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஜிஃபோர்ட்ரான். முன்பு ஜி77 என்னும் கம்பைலர் இருந்த இடத்தில் அத்திட்டத்தின் கம்பைலர் தொகுப்பான ஜி.சி.சி.யின் 2005-இல் வெளியான 4.0 பதிப்பிலிருந்து இது அமர்ந்திருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். இன்டெல், என்விடியா நிறுவனங்களின் கம்பைலர்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எல்.எல்.வி.எம். என்னும் திறந்தமூலக் கம்பைலர் திட்டத்தில் ஃபிளாங் என்னும் ஃபோர்ட்ரான் கம்பைலர் வளர்ந்து வருகிறது. இன்டெல் கம்பைலரைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பலர் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் ஃபோர்ட்ரான் பவர்ஸ்டேஷன், 1997-இல் டிஜிட்டல் நிறுவனத்திடம் போனது. டிஜிட்டலைக் காம்பேக் வாங்கியது. காம்பேக்கின் ஃபோர்ட்ரான் குழு பிறகு இன்டெலுக்குச் சென்றது. ஆகவே பவர்ஸ்டேஷனிலோ டிஜிட்டலின் வாக்ஸ் கணினியிலோ எழுதப்பட்ட நிரலை வைத்திருப்பவர், பழைய குறுந்தகட்டை யாரிடமாவது இரவல் கேட்பதற்கு முன் இன்டெல் கம்பைலரில் ஒரு முறை முயன்று பார்ப்பது நல்லது. அந்தப் பழைய சேர்க்கைகளில் பெரும்பாலானவை அதற்குத் தெரியும். ஜிஃபோர்ட்ரானிலும் டிஜிட்டலின் சேர்க்கைகளை ஏற்பதற்கென்றே ஒரு தெரிவு (கம்பைலரை ஓட்டும்போது சேர்த்துத் தரும் கட்டளை) உண்டு.

இனி, நிரலின் பக்கத்தைப் பார்த்தே அதன் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்கிறேன். முதல் வரி ‘புரோகிராம்’ என்று தொடங்கி, அதையடுத்து அடைப்புக்குறிக்குள் இன்புட், அவுட்புட், டேப்5, டேப்6 என்று கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தால், அது கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் கணினிக்காக எழுதப்பட்டது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். திரையில் எழுத ‘டைப்’, விசைப்பலகையிலிருந்து வாங்க ‘அக்செப்ட்’ என்ற கூற்றுகள் இருந்தால் டிஜிட்டல் கணினியாக இருக்கலாம். துணைநிரலை அழைக்கும் இடத்தில் வரி எண்ணுக்கு முன்னால் ‘&’ குறி இருந்தால் ஐ.பி.எம். மரபு. இந்த ஒரு தகவல் கையில் வந்துவிட்டால், ஒரு சொல்லில் (கணினி ஒரே தடவையில் கையாளும் நினைவிடத் துண்டு) எத்தனை பிட், ஒரு மாறியில் (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்) எத்தனை எழுத்து, பின்னத்தில் எத்தனை இலக்கம் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

பழைய நிரல்கள் துளையட்டைக்காக எழுதப்பட்டவை. ஓர் அட்டையில் 80 கட்டங்கள். முதல் ஐந்து கட்டங்கள் வரி எண்ணுக்கு, ஆறாவது கட்டம் முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்று காட்டுவதற்கு, 7 முதல் 72 வரை கூற்றுக்கு, எஞ்சிய எட்டும் அட்டைகள் கீழே விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்குவதற்கான வரிசை எண்ணுக்கு. இன்றைய கம்பைலர் கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டைப் பார்த்தே இந்த அமைப்பை எதிர்பார்க்கலாமா என்று முடிவு செய்கிறது. பழைய நிரலுக்குத் தொண்ணூறாம் ஆண்டுத் தரத்தின் பின்னொட்டைக் கொடுத்துவிட்டால் வரிக்கு வரி பிழைச்செய்தி வந்து குவியும். பலர் அத்தோடு கம்பைலரைக் குற்றம் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இதைவிட வம்பானது 72-ஆம் கட்டம். அதற்கு அப்பால் உள்ளதைக் கம்பைலர் படிப்பதே இல்லை. அச்சுத்தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் தெரியாமல் ஓர் இடைவெளி கூடுதலாக விட்டிருந்தால், வரியின் கடைசியில் இருந்த ‘டோட்டல்’ என்ற மாறியின் கடைசி எழுத்து 73-ஆம் கட்டத்துக்குப் போய்விடும். ஃபோர்ட்ரானில் மாறியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை என்பதால், கம்பைலர் ‘டோட்டா’ என்றொரு புதிய மாறியைத் தானே உருவாக்கிக்கொண்டு வாய் திறக்காமல் மேலே போகும். விடை மட்டும் தவறாக வரும். எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டுமாறு கேட்டால்தான் இது கண்ணில் படும்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். அமெரிக்காவில் வில் கிரவுதர் என்ற நிரலாளர், தாம் நுழைந்து பார்த்திருந்த கென்டக்கி மாநிலக் குகைகளை மனத்தில் வைத்து 1976 வாக்கில் ‘அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டை எழுதினார். அடுத்த ஆண்டு டான் உட்ஸ் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் அதை விரிவாக்கினார். கிரவுதரின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே நெடுநாள் கருதப்பட்டு, 2005-இல் உட்ஸின் பழைய பல்கலைக்கழகக் கணக்கின் சேமிப்பிலிருந்து மீட்கப்பட்டது. அது முழுக்க முழுக்க டிஜிட்டலின் பி.டி.பி.-10 கணினிக்கான ஃபோர்ட்ரான். அந்தக் கணினியின் ஒரு சொல் 36 பிட் கொண்டது. எழுத்துக்கு ஏழு பிட் வீதம் ஐந்து எழுத்துகள் அதில் அடங்கும்; ஒரு பிட் மிச்சம். விளையாடுபவர் தட்டும் கட்டளையின் ஐந்து எழுத்துகளையும் ஒரே முழுஎண் மாறிக்குள் வைத்து, எண்ணை எண்ணோடு ஒப்பிடுவதுபோல் ஒப்பிடுவது கிரவுதரின் வழி.

இன்றைய கம்பைலரில் முழுஎண் மாறி 32 பிட். எழுத்துக்கு எட்டு பிட் வீதம் நான்குதான் கொள்ளும். தண்ணீருக்கான ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லான ‘வாட்டர்’ என்பதை விளையாடுபவர் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து எழுத்தை வாசித்து நான்கு எழுத்து இடத்தில் வைக்கும்போது வலப்பக்கத்து நான்கை வைக்க வேண்டும் என்பது ஃபோர்ட்ரான் தரத்தின் விதி. எனவே முதல் எழுத்து போய்விடும். அதே சொல்லை நிரலுக்குள்ளேயே மாறிலியாக எழுதி மாறியில் இட்டால், இடப்பக்கத்து நான்கு தங்கிக் கடைசி எழுத்து போய்விடும். தலையில்லாத சொல்லும் வாலில்லாத சொல்லும் எந்தக் காலத்திலும் பொருந்தப்போவதில்லை. மாறிகளின் அளவை 64 பிட்டாக்கினால் இந்தச் சிக்கல் தீரும்; ஜிஃபோர்ட்ரானில் அதற்கென ஒரு தெரிவு இருக்கிறது. ஆனால் அதே நிரலில், ஒரு சொல் எங்கே முடிகிறது என்று காண 36 பிட்டுக்குள் குறிப்பிட்ட பிட்டுகளைச் சோதிக்கும் பகுதியும் உண்டு. அந்தப் பிட்டுகளைக் குறிக்கும் எண்கள், எட்டை அடியாகக் கொண்ட எட்டடி எண்முறையில், முன்னால் ஓர் இரட்டை மேற்கோள்குறி இட்டு எழுதப்பட்டவை. பி.டி.பி.-10 கம்பைலருக்கு அது எட்டடி எண்ணின் அடையாளம். இன்றைய கம்பைலருக்கோ மூடப்படாத ஒரு மேற்கோள். அந்தப் பகுதியைக் கையால் திருத்தி எழுதுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மேற்கோள்குறிச் சிக்கலாவது பிழைச்செய்தியாக வந்து நிற்கும். வாய் திறக்காத சிக்கல்களே அபாயமானவை. நிரலின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் மடக்குக் கூற்றில் தொடக்க எண் 5, இறுதி எண் 3 என்று அமைந்துவிட்டால், ஃபோர்ட்ரான் 77 தரப்படி அந்த மடக்கு ஒரு முறைகூட ஓடாது. அதற்கு முந்தைய தரப்படி அப்படி அமைவதே தவறு. ஆயினும் அக்காலக் கம்பைலர்கள் பலவும் மடக்கின் முடிவில்தான் சோதித்ததால் ஒரு முறை ஓட்டிவிட்டன. அதை நம்பியே எழுதப்பட்ட நிரல்கள் உண்டு. இன்டெல் கம்பைலரில் பழைய நடத்தையைக் கேட்டுப் பெற ஒரு தெரிவு இருக்கிறது. அதேபோல், துணைநிரலுக்குள் இருக்கும் மாறிகளுக்கு அன்றைய கணினிகளில் நிலையான நினைவிடம் ஒதுக்கப்பட்டது. ஒரு முறை அழைத்து முடித்த பின்னும் மதிப்பு அப்படியே இருக்கும். இன்று அந்த இடம் தற்காலிகமானது. அடுத்த முறை அழைக்கும்போது அங்கே என்ன கிடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஜிஃபோர்ட்ரானில் எல்லா மாறிகளையும் நிலையாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஊர் பேர் தெரியாத பழைய நிரல் எது வந்தாலும் நான் முதலில் இடுகிற தெரிவு அதுதான்.

எண்களின் துல்லியம் தனிக் கதை. கன்ட்ரோல் டேட்டாவின் 60 பிட் கணினியில் சாதாரண பின்ன மாறியே ஏறத்தாழ 14 இலக்கத் துல்லியம் தரும். அதே நிரலை எந்த மாற்றமும் செய்யாமல் இன்று ஓட்டினால் ஏழு இலக்கம்தான். ஆகவே அங்கிருந்து வந்த நிரலுக்கு இரட்டைத் துல்லியத்தைக் கேட்டுப் பெற வேண்டும். ஐ.பி.எம். 360, 370 வரிசையில் சிக்கல் வேறு விதம். அவை பின்னங்களைப் பதினாறடி முறையில் வைத்திருந்தன. இலக்கங்கள் இன்றையதைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் எண்ணின் அளவு பத்தின் 75-ஆம் அடுக்கு வரை போகும். இன்றைய ஒற்றைத் துல்லியம் 38-ஆம் அடுக்கோடு நின்றுவிடும். இடையில் ஒரு பெருக்கல் அந்த எல்லையைத் தாண்டினால், விடை முடிவிலி என்று வந்து நிற்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அந்தப் பழைய கணினியையே கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். அதற்கும் வழி இருக்கிறது. ஹெர்குலிஸ் என்னும் எமுலேட்டர் ஐ.பி.எம். 370 குடும்பத்தையே நம் மடிக்கணினிக்குள் நடிக்க வைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பட்ட 370/155 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அக்கால இயங்குதளமான எம்.வி.எஸ். 3.8-ஐ ஆர்வலர்கள் ஃபோர்ட்ரான் கம்பைலரோடு சேர்த்துத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். பாப் சப்னிக் தொடங்கிய சிம்ஹெச் என்னும் தொகுப்பில் பி.டி.பி.-10, வாக்ஸ் முதலிய கணினிகள் கிடைக்கின்றன. பழைய கணினியின் எண்முறை, மடக்கு நடத்தை, நினைவிட ஒதுக்கீடு எல்லாம் அசலாகவே இருக்கும் என்பதால், புதிய கம்பைலரில் வந்த விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. அன்றாட வேலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நிரலை ஓட்டுவதற்காக அந்த இயங்குதளத்தின் வேலைக் கட்டுப்பாட்டு அட்டைகளை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அது ஃபோர்ட்ரானைவிடக் கடினம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துக் கம்பைலர் ஒன்று கையில் இருப்பவருக்கு டாஸ்பாக்ஸ் என்னும் எமுலேட்டர் போதும்; 16 பிட் மென்பொருளை 64 பிட் விண்டோஸ் நேரடியாக ஏற்காது.

எமுலேட்டர் வரை போகத் தேவையில்லாதவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். இங்கேதான் பழைய காந்த நாடாவைவிட, அன்றைய விடைகள் அச்சான தாள் மேலானதாகிறது. நாடாவில் இரும வடிவில் எழுதிய தரவை வாசிக்க, பைட்டுகளின் வரிசையை மாற்ற வேண்டும், ஐ.பி.எம். பின்னங்களை இன்றைய முறைக்குப் பெயர்க்கத் தனி நிரல் எழுத வேண்டும். அச்சுத்தாளில் எண்கள் எண்களாகவே இருக்கின்றன. அந்தத் தாளையும் இன்றைய விடையையும் ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் போதும்: நீங்கள் திரையில் பெறும் வெளியீட்டின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தேவையில்லாமல் ஒரு 1 அல்லது 0 தெரியலாம். அது கணக்கின் பகுதி அன்று. 1 என்றால் புதிய பக்கத்துக்குப் போ, 0 என்றால் ஒரு வரி விட்டு அச்சிடு என்று அக்கால வரி அச்சுப்பொறிக்குச் சொன்ன கட்டளை. அச்சுப்பொறி அதை விழுங்கிவிட்டதால் பழைய தாளில் அது இருக்காது. அந்த முதல் கட்டத்தை நீக்கிவிட்டு, முதல் ஐந்து ஆறு இலக்கங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதற்கு மேல் கடைசி இலக்கங்களில் வரும் வேறுபாடு எண்முறை மாறியதால் வருவது, அதை விட்டுவிடலாம். மூன்றாவது இலக்கத்திலேயே வேறுபாடு தொடங்கினால், மேலே சொன்ன மாறிகளிலும் மடக்குகளிலும் 72-ஆம் கட்டத்திலும் தேட வேண்டும்.

நன்றி, வணக்கம்.