கெமிக்கல் இறக்குமதிக்கு எந்த லைசென்ஸ்? ராணிப்பேட்டை நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி ராணிப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது. "சார், கொரியாவிலிருந்து டொலுயீன் என்ற கரைப்பானை இறக்கி, இங்கே ஷூ கம்பெனிகளுக்குப் பசை தயாரிப்பவர்களிடம் விற்கலாம் என்று இருக்கிறேன். முதலில் ஒரு கன்டெய்னர். ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்) வாங்கிவிட்டேன். அபாயகரமான பொருளுக்கான லைசென்ஸ் எங்கே வாங்குவது, எவ்வளவு செலவாகும்?" என்று கேட்கிறார்.

ஐ.இ.சி. வாங்கியது நல்லது. ஆனால் அது பள்ளிக்கூடத்தில் பெயர் சேர்த்த மாதிரிதான். பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருந்தால் வெளிநாட்டு வர்த்தகத் துறையான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய்க்குக் கிடைத்துவிடும். பொம்மை இறக்குபவருக்கும் அதுதான், அமிலம் இறக்குபவருக்கும் அதுதான். நீங்கள் கேட்கிற 'அபாயகரமான பொருள் லைசென்ஸ்' என்று ஒரே காகிதமாக நம் நாட்டில் எதுவும் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது அட்வான்ஸ் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். சரக்கு என்ன என்று தெரிந்தால்தான் எந்த ஆபீசுக்குப் போவது என்றே சொல்ல முடியும்.

உங்கள் சரக்கையே பார்ப்போம். விற்பவரிடம் எஸ்.டி.எஸ். கேளுங்கள். பாதுகாப்புத் தகவல் தாள்தான் அது, 16 பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், முதலில் 9-ம் 14-ம் போதும். 9-ல் ஃபிளாஷ் பாயின்ட் இருக்கும். எந்த வெப்பநிலையிலிருந்து, ஒரு பொறி பட்டால் அதன் ஆவி தீப்பற்றும் என்கிற கணக்கு அது. டொலுயீனுக்கு ஏறக்குறைய 4 டிகிரி. நம் ராணிப்பேட்டை வெயிலில் டிரம் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 14-ல் யு.என். 1294, கிளாஸ் 3 என்று இருக்கும். முதலாவது அந்தச் சரக்குக்கான சர்வதேச எண், இரண்டாவது தீப்பற்றும் திரவம் என்கிற வகை. கப்பல்காரர் முதலில் கேட்பது அந்த யு.என். எண்ணைத்தான்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். டொலுயீன் ஒரு கெமிக்கல்தானே என்று நினைப்போம். சட்டம் அதைப் பெட்ரோலியம் என்று பார்க்கிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி திரவ ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த திரவம், எல்லாமே பெட்ரோலியம்தான். அதில் ஃபிளாஷ் பாயின்ட் 23 டிகிரிக்குக் கீழே இருந்தால் 'ஏ' வகுப்பு, பங்க்கில் போடுகிற பெட்ரோலோடு ஒரே வரிசை. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். உங்கள் 20 அடி கன்டெய்னரில் 200 லிட்டர் டிரம் 80 வரும். 16,000 லிட்டர்! ஆகவே நீங்கள் போக வேண்டிய இடம் பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம். தலைமையகம் நாக்பூரில், நமக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

பெசோ உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: சரக்கை எங்கே வைப்பீர்கள்? கோடவுன் வரைபடம், சுற்றிலும் விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளி, தீயணைப்பு ஏற்பாடு, பிறகு மாவட்ட நிர்வாகத்தின் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று. இந்த என்.ஓ.சி.தான் இழுக்கும். விதிப்படி மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வீடு முளைத்துவிட்டால் வரைபடத்தை மறுபடி போட வேண்டியதுதான்.

என்னிடம் வந்த ஒருவர் கோடவுன் லைசென்ஸ் 'வந்துவிடும்' என்ற நம்பிக்கையில் சரக்கை ஏற்றச் சொல்லிவிட்டார். சென்னைக்குக் கன்டெய்னர் வந்துவிட்டது, லைசென்ஸ் வரவில்லை. துறைமுகச் சரக்குகளை வைக்கும் சி.எஃப்.எஸ். யார்டில் ஒரு பக்கம் வாடகை ஓடுகிறது, கன்டெய்னரைத் திருப்பித் தராததற்கு ஷிப்பிங் லைன் இன்னொரு பக்கம் டிடென்ஷன் என்று தாமதக் கட்டணம் போடுகிறது. கடைசியில் லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு நஷ்டத்தில் கைமாற்றிவிட்டுத் தலைமுழுகினார். அதனால்தான் சொல்கிறேன், முதலில் கோடவுன், அப்புறம் ஆர்டர். சொந்தக் கோடவுன் கட்ட வசதியில்லை என்றால் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள கோடவுனில் இடம் பிடிக்க முடியுமா என்று பாருங்கள், அந்த ஏற்பாட்டைப் பெசோவிடமும் உங்கள் சி.எச்.ஏ.விடமும் (சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட்) உறுதி செய்துகொள்ளுங்கள். செலவு எவ்வளவு என்றீர்களே, லைசென்ஸ் கட்டணம் பெரிய தொகை இல்லை. இடம்தான் பணத்தைத் தின்னும்.

இது போக, போபாலுக்குப் பிறகு வந்த 1989 விதிகளின்படி, அபாயகரமான ரசாயனம் இறக்குபவர் 30 நாளைக்கு முன்பே, முடியாவிட்டால் சரக்கு வந்து சேரும் நாளுக்குள்ளாவது, அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அளவு, துறைமுகம், கொண்டுபோகும் வழி எல்லாம் அதில் வரும். பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று கேட்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணை சில கெமிக்கல்களுக்கு உண்டு. அந்தப் பட்டியல் அடிக்கடி மாறுவதால் ஆர்டர் போடும் அன்றைக்குப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து ஏற்றிவரும் லாரி டிரைவரின் லைசென்ஸிலும் இதற்கென்று தனி எண்டார்ஸ்மென்ட், அதாவது அனுமதிக் குறிப்பு, வேண்டும்.

சரக்கு மாறினால் ஆபீசும் மாறும். அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்றால் போதைப்பொருள் சமாச்சாரம், குவாலியரில் இருக்கிற நார்கோடிக்ஸ் கமிஷனரிடம் போக வேண்டும். ஷாம்பூவில் சேர்க்கிற ட்ரை எத்தனால் அமீன் ஏற்றுமதி செய்தால், ரசாயன ஆயுத உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பதால் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஸ்கோமெட் விதிகளைப் பார்க்க வேண்டும். கழிவுப் பொருள் என்றால் 2016 விதிகள்: மறுசுழற்சிக்குத்தான் அனுமதி, இங்கே கொண்டுவந்து கொட்டுவதற்கு இல்லை. மீறி வந்தால் 90 நாளுக்குள் இறக்கியவரே சொந்தச் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும்.

காகிதத்தில் சரக்கின் ரகத்தை மாற்றி எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். 2015-ல் சென்னைக்கு வந்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது. உர ரகம் என்று வந்தது, வெடிமருந்து ரகம் என்பது சுங்கத்துறை சொன்னது. மணலியில் 37 கன்டெய்னர்களில் வருடக்கணக்காகக் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் இதே அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான் எல்லோருக்கும் அதன் ஞாபகம் வந்து, ஏலத்தில் போன சரக்கை அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

நீங்கள் இன்றைக்கே கொரியாக்காரரிடம் எஸ்.டி.எஸ். வாங்கிவிடுங்கள். 9-ஆம் பகுதியில் 4 டிகிரிக்குப் பதிலாக 20, 25 என்று இருந்தால் அது சுத்தமான டொலுயீன் இல்லை. பணம் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.